காருக்குச் சந்தா

விழுப்புரத்திலிருந்து கடலூருக்குப் போகிற ரயில் பாதையில், பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவே மேல்பட்டாம்பாக்கம் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. பண்ருட்டி என்றால் பலாப்பழம், நெல்லிக்குப்பம் என்றால் சர்க்கரை ஆலை என்று வெளியூர்க்காரர்கள் நினைவு வைத்துக் கொள்வார்கள். நடுவில் இருக்கும் ஊருக்கு அப்படி ஒரு விருது கிடையாது. விருது இல்லாவிட்டால் என்ன? அங்கே கேள்வி கேட்கத் தெரிந்த மனிதர்கள் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் என் சின்ன மாமனார். கரும்புக் கொல்லை வைத்திருப்பவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் புதுக் கார் ஒன்று வாங்கினார். கையிலிருக்கும் செல்போனைத் தட்டினால் வெயிலில் கிடக்கும் வண்டிக்குள் ஏ.ஸி. ஓட ஆரம்பிக்கும், வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்று படம் போட்டுக் காட்டும். மூன்று வருஷம் இலவசமாக நடந்த இந்த உபசாரம் ஒரு நாள் காலையில் நின்று போய்விட்டது. வருஷச் சந்தா கட்டினால் மேற்கொண்டு நடக்கும் என்று கம்பெனியிலிருந்து செய்தி வந்தது.

"மாப்பிள்ளை, நான் வண்டியை வாங்கியிருக்கேனா, குத்தகைக்கு எடுத்திருக்கேனா? நீங்க நாலு புஸ்தகம் படிச்சவராச்சே, சொல்லுங்க" என்றார்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். மோட்டார் சாஸ்திரத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் பின் ஸீட்டோடு சரி. தவிர, சந்தா என்ற சொல்லை இகழ்ந்து பேசவும் எனக்கு நா எழாது. பத்திரிகைச் சந்தாதாரர்கள் போட்ட சோற்றைத்தான் இத்தனை வருஷமாகச் சாப்பிட்டு வருகிறேன். ஆனால் பத்திரிகைச் சந்தாவில் ஒரு நியாயம் இருக்கிறது. வாரா வாரம் புது இதழ் வருகிறது, அதற்குத்தான் பணம். போன வருஷத்துத் தீபாவளி மலர் உங்கள் அலமாரியில் இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அதன் நாற்பதாம் பக்கத்தைப் புரட்டுகிற போதெல்லாம் ஆபீஸிலிருந்து ஓர் ஆள் வந்து கையை நீட்டினால் எப்படி இருக்கும்? காருக்குச் சந்தா கேட்கிற இந்தக் காலத்தில் புது இதழுக்கான சந்தாவும், பழைய மலரின் நாற்பதாம் பக்கத்துக்கான சந்தாவும் ஒரே பெயரை வைத்துக் கொண்டு உலாவுகின்றன. எது எது என்று பிரித்துப் பார்க்கப் பழைய சரித்திரம் கொஞ்சம் ஒத்தாசை செய்கிறது.

மோட்டார் காருக்கும் மேல்பட்டாம்பாக்கத்து வட்டாரத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு. பக்கத்து நெல்லிக்குப்பத்தில் 1842-ஆம் வருஷம் சர்க்கரை ஆலை வைத்தவர்கள் சென்னைப் பாரி கம்பெனியார். அந்தக் கம்பெனியின் டைரக்டர்களில் ஒருவரான ஏ. ஜே. யார்க் என்பவர்தான் 1901-ல் சென்னைக்கு முதல் மோட்டார் காரைத் தருவித்து, அடையாற்றிலிருந்து ஆபீஸுக்கு ஓட்டிப் போனார் என்று சென்னைச் சரித்திரம் எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். இதை என் சின்ன மாமனாரிடம் சொன்னேன். "அப்படின்னா எங்க தாத்தா வெட்டின கரும்புக்கு அந்த வண்டியிலே ஒரு சக்கரமாவது உண்டு" என்றார்.

அந்தக் காலத்தில் கார் வாங்குவது கல்யாணத்துக்குச் சத்திரம் பிடிப்பது போல. சத்திரத்துக்கு ஒரு விலை. பாத்திரம், பந்தல், விளக்கு எல்லாவற்றுக்கும் தனித் தனிக் கணக்கு. 1908-ல் வந்த ஃபோர்டு டி மாடலில் முன்புறக் கண்ணாடி, மேல் கூரை, பெரிய முன் விளக்கு ஆகியவை கூட ஆரம்பத்தில் தனிக் காசுதான். எஞ்சினைக் கிளப்பக் கைப்பிடியைப் போட்டுச் சுழற்றிக் கை ஒடிந்தவர்கள் அநேகம். மின்சாரத்தால் கிளப்புகிற சௌகரியத்தை 1912-ல் காடிலாக் கார் கொண்டு வந்தது. ஃபோர்டு வாங்கினவர்கள் அதற்கு 1919 வரைக்கும் காத்திருந்து, தனியாக விலையும் கொடுத்தார்கள். கொடுத்தது கொடுத்ததுதான், அதற்கப்புறம் விளக்குக்காக ஒருவரும் வந்து கதவைத் தட்டவில்லை.

வருஷா வருஷம் கட்டுகிற பழக்கம் நமக்குப் புதிது என்று சொல்ல வரவில்லை. சைக்கிளுக்குக் கூட முனிசிபாலிடியில் வரி கட்டி, ஒரு தகர வில்லையை வாங்கி மாட்டிக் கொண்டு திரிந்த ஜனங்கள்தானே நாம்? இன்னும் நெருங்கிய உதாரணம் ரேடியோ. ரேடியோப் பெட்டியை நம் சொந்தப் பணத்தில் கடையில் வாங்கினோம். வாங்கின பிற்பாடு வருஷந்தோறும் தபாலாபீஸுக்குப் போய்ப் பணம் கட்டி, லைசென்ஸ் புஸ்தகத்தில் முத்திரை போட்டுக் கொண்டு வந்தோம். லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் தெருமுனையில் வருகிறார் என்றால் ரேடியோ பரணுக்கு ஏறிவிடுகிற வீடுகளும் இருந்தன. பெரிய மனிதர்கள் வீடுகளும் அதில் சேர்த்தி.

இந்த லைசென்ஸுக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1927 ஜூலை 23-ஆம் தேதி பம்பாயில் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி என்ற தனியார் கம்பெனி ஒலிபரப்பை ஆரம்பித்தது. லைசென்ஸுக்குக் கட்டணம் வருஷம் 10 ரூபாய். அதில் 8 ரூபாய் கம்பெனிக்கு. கணக்கு நன்றாகத்தான் இருந்தது, ஆட்கள்தான் சேரவில்லை. 1929 முடிவில் தேசம் முழுவதிலும் லைசென்ஸ்கள் 8,000-ஐ எட்டவில்லை. லைசென்ஸ் எடுக்காமலே கேட்டவர்கள் எத்தனை பேரோ! 1930-ல் கம்பெனி மூழ்கிற்று. சர்க்கார் எடுத்துக் கொண்டார்கள். பிறகு சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ஆம் தேதியும், திருச்சி நிலையம் 1939 மே 16-ஆம் தேதியும் வந்தன. கட்டணம் 15 ரூபாய் வரை ஏறி, 1980-களின் நடுவில் லைசென்ஸே ஒழிந்தது.

அந்தப் பதினைந்து ரூபாயைப் பற்றி முணுமுணுத்தவர்கள் உண்டு. அநியாயம் என்று சொன்னவர்கள் குறைவு. காலையில் பெட்டியைத் திருகினால் மங்கள வாத்தியம் வந்தது. யாரோ ஒரு வித்துவான் விடியற்காலையில் குளித்துவிட்டு நிலையத்துக்குப் போயிருக்கிறார், யாரோ செய்தி படிக்கத் தொண்டையைக் கனைத்துக் கொண்டிருக்கிறார் என்று நமக்குத் தெரியும். பெட்டி நம்முடையது, வேலை அவர்களுடையது. இங்கிலாந்தில் இன்னொரு படி மேலே போய், வீட்டு ரேடியோவுக்கு ஒன்று, காரிலிருக்கும் ரேடியோவுக்கு ஒன்று என்று தனித் தனி லைசென்ஸ் வாங்கச் சொன்னார்கள். 1971-ல்தான் அது போயிற்று. காரிலுள்ள ஒரு வசதிக்கு வருஷச் சந்தா என்பது இன்றைக்கு நேற்று வந்த புதுமை அல்ல என்பதற்காக இதைச் சொன்னேன்.

சின்ன மாமனாரின் வண்டிக்குக் கேட்ட சந்தா இந்த ரேடியோ ஜாதியைச் சேர்ந்ததுதான். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1996-ல் 'ஆன்ஸ்டார்' என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. காரிலுள்ள பொத்தானை அமுக்கினால் எங்கோ ஓர் ஆபீஸில் ஓர் ஆள் பேசுவார், வழி சொல்லுவார், விபத்தென்றால் உதவிக்கு ஆள் அனுப்புவார். அதற்குச் சந்தா. நம் பக்கத்தில் 2019 மே மாதம் ஹூண்டாய் கம்பெனி வென்யூ காரோடு 'புளூலிங்க்' என்ற பெயரில் இதே மாதிரி ஏற்பாட்டை வைத்து, மூன்று வருஷம் இலவசம் என்றது. மற்றக் கம்பெனிகளும் பின்னோடு வந்தன. காருக்குள்ளே ஒரு சிம் கார்டு இருக்கிறது. அதற்கு டெலிபோன் கம்பெனிக்குக் காசு அளக்க வேண்டும். எங்கோ ஒரு கட்டடத்தில் கம்ப்யூட்டர்கள் இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும். இதற்குச் சந்தா கேட்பதில் தப்பில்லை. கொடுப்பதா வேண்டாமா என்பது நமக்கு அது எவ்வளவு உபயோகம் என்பதைப் பொறுத்தது. "வண்டியை வேப்பமரத்து நிழலில் நிறுத்தினால் அந்த ஏ.ஸி. வேலையில் பாதி முடிந்து விடுமே" என்று சொன்னேன். "திருட்டுப் போனால் வேப்பமரம் வந்து சொல்லுமா?" என்று திருப்பிக் கேட்டார். ஆக, அவருக்கு அது உபயோகமானதுதான், கட்டிவிட்டார்.

இந்த ஜாதிச் சந்தாவிலும் ஓர் ஆபத்து உண்டு. சாட்டிலைட் மூலம் பாட்டு அனுப்பிய வோர்ல்டுஸ்பேஸ் ரேடியோவைச் சில வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கென்றே தனி ரேடியோப் பெட்டி வாங்கி, சந்தாவும் கட்டி, விளம்பரத் தொல்லை இல்லாமல் தமிழ்ப் பாட்டுக் கேட்டுக் கொண்டிருந்தார்கள். தாய்க் கம்பெனி 2008-ல் திவாலாயிற்று. 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இந்தியாவில் ஒலிபரப்பு நின்றது. மறு நாள் புது வருஷம். பெட்டிகள் அழகாகத்தான் இருந்தன, பேசவில்லை.

இனி நாற்பதாம் பக்கத்துக்கு வருவோம். ஜேம்ஸ் வாட் என்றதும், கெட்டில் மூடி ஆடியதைப் பார்த்து நீராவி யந்திரம் கண்டுபிடித்த கதையைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்து விடுகிறார்கள். அவர் பில் போட்ட கதையைச் சொல்லிக் கொடுப்பதில்லை. நமக்கு வேண்டியது அதுதான்.

வாட்டுக்கு முன்னாலேயே நியூகாமன் என்பவரின் நீராவி யந்திரங்கள் சுரங்கத் தண்ணீரை இறைத்துக் கொண்டுதான் இருந்தன. அவை கரியை பகாசுரன் மாதிரி தின்றன. ஒவ்வொரு அடிக்கும் உருளையைச் சூடேற்றி, உடனே தண்ணீர் அடித்துக் குளிர வைத்து, மறுபடியும் சூடேற்றி... அடுப்பில் வைத்த பாலை நிமிஷத்துக்கொரு தரம் இறக்கி ஆற்றி மறுபடி ஏற்றுகிற மாதிரி. நீராவியை வேறொரு பாத்திரத்துக்குக் கொண்டு போய்க் குளிர வைத்தால் உருளை சூடாகவே இருக்குமே என்று கண்டவர் வாட். 1769-ல் பேடன்ட் வாங்கினார். 1775-ல் பார்லிமெண்டு அதை 1800 வரைக்கும் நீட்டிக் கொடுத்தது. பர்மிங்ஹாம் நகரத்து மாத்யூ போல்ட்டன் அவருக்குக் கூட்டாளி.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்று ஒரு சீமை. தாமிரமும் வெள்ளீயமும் தோண்டுகிற சுரங்கங்கள். கரியோ கிடையாது, கப்பலில் வர வேண்டும். வாட்டின் யந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை. போல்ட்டனும் வாட்டும் செய்த வியாபாரத்தைக் கவனியுங்கள். யந்திரத்தை முழுசாக விற்கவில்லை. உருளைக்குச் சுரங்கக்காரர்தான் பணம் கொடுக்க வேண்டும். யந்திர வீட்டை அவர்தான் கட்ட வேண்டும். கொத்தனார் கூலியும் அவர் தலையில். இவர்கள் வரைபடமும், சில நுட்பமான பாகங்களும், மேற்பார்வைக்கு ஆளும் கொடுப்பார்கள். பிறகு? பழைய யந்திரம் தின்றிருக்கக் கூடிய கரிக்கும் இது தின்கிற கரிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, மிச்சமான பணத்தில் மூன்றில் ஒரு பங்கை இவர்களுக்கு அளக்க வேண்டும். யந்திரம் எத்தனை அடி அடித்தது என்று எண்ணுவதற்கு அதன் மேல் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். அந்தக் கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். சாவி கம்பெனியிடம்.

ஆரம்பத்தில் கார்ன்வால் சுரங்கக்காரர்களுக்குச் சந்தோஷம். மூன்றில் இரண்டு பங்கு நமக்கு மிச்சமாகிறதே! வருஷங்கள் ஓடின. பூட்டின பெட்டியைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. இரும்பு நம்முடையது, கல் நம்முடையது, கரி நம்முடையது. இவனுக்கு எதற்குப் பணம்? 1790-களில் பலர் கட்டுவதை நிறுத்தினார்கள். எட்வர்ட் புல், ஜானதன் ஹார்ன்பிளோயர் முதலியவர்கள் தங்கள் யந்திரங்களைக் கட்டிக் கொடுக்க முன்வந்தார்கள். வழக்கு மேல் வழக்காக நடந்து, 1799-ல் கம்பெனி பக்கம் தீர்ப்பாகி, பாக்கியும் வசூலாயிற்று. 1800-ல் பேடன்ட் தீர்ந்தது.

சட்டப்படி வாட் செய்தது சரி. என்னைக் கேட்டால் பாதி நியாயமும் அவர் பக்கம் உண்டு: மிச்சமானால்தானே பங்கு கேட்டார்! இன்றைய கார்க் கம்பெனிகளில் அந்த அளவு கண்ணியம் கூடக் கிடையாது. ஏறி உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் சந்தா சந்தாதான். ஆனால் அத்தனை கண்ணியமான ஏற்பாடு கூட ஏன் கசந்தது? முதல் வருஷம் யந்திரத்தை நிறுத்திக் கொடுக்க ஆள் வந்தான். பதினைந்தாம் வருஷம் எண்ணைக் குறித்துக் கொள்ள மட்டும் வந்தான். கசப்பு அந்த இடத்தில்தான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

இப்போது பூட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை. 2016-ல் அமெரிக்க டெஸ்லா கம்பெனி ஒரு மின்சாரக் காரை விற்றது. உள்ளே 75 கிலோவாட் மணி மின்சாரம் பிடிக்கிற பாட்டரி. விலை குறைத்து வாங்கினவருக்கு 60 வரைக்கும்தான் கிடைக்கும்படி கம்ப்யூட்டர் எழுத்தால் ஒரு பூட்டு. மேற்கொண்டு பணம் கட்டினால் திறக்கும். மாதச் சந்தா இல்லை, ஒரே தடவைப் பணம்தான். ஆனாலும் பூட்டு பூட்டுதான். அடுத்த வருஷம் செப்டம்பரில் ஃபிளாரிடாவை நோக்கி இர்மா என்ற சூறாவளி வந்தது. ஜனங்கள் ஊரை விட்டு ஓடினார்கள். அப்போது கம்பெனி இருந்த இடத்தில் இருந்தபடியே, ஒருவரும் வண்டியைத் தொடாமல், அந்தப் பூட்டைச் சில நாளைக்குத் திறந்து விட்டது. இன்னும் ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடலாம் என்றாயிற்று. நல்ல காரியம், புகழ்ந்தார்கள். புகழ்ந்து முடித்ததும்தான், அந்த ஐம்பது கிலோமீட்டர் அதுவரைக்கும் தங்கள் காலடியிலேயே கிடந்தது என்று பலருக்கு உறைத்தது.

கடலூர் ஜில்லாக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டாம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிற்று. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு படுத்தன. பல ஊர்களில் நாட்கணக்காக மின்சாரம் இல்லை. அப்படி ஒரு ராத்திரியில், பிரசவ வலி எடுத்தவளைக் காரில் ஏற்றிக் கொண்டு கிளம்புகிறவன், எந்தச் சீமையிலோ இருக்கும் ஒருவருடைய கருணை சிக்னல் வழியாக வந்து சேரட்டும் என்றா காத்திருப்பான்?

எல்லாப் பூட்டும் இவ்வளவு பயங்கரமல்ல, சில வேடிக்கையானவை. செங்கற்பட்டுக்குப் பக்கத்தில் 2007 முதல் தொழிற்சாலை வைத்திருக்கும் பி.எம்.டபிள்யூ. கம்பெனி, 2022-ல் சில தேசங்களில் ஸீட்டைச் சூடாக்குகிற வசதிக்கு மாதச் சந்தா வைத்தது. இங்கிலாந்தில் மாதம் 15 பவுன். ஒரேயடியாகத் திறக்க 350 பவுன். நம் ஊர் அக்கினி நட்சத்திரத்தில் ஸீட்டுக்குச் சூடு வேண்டுமென்று யாரும் பணம் கட்டப் போவதில்லை. ஆனால் அங்கே பனிக்காலம் பொல்லாதது. இரண்டு வருஷம் மாதா மாதம் கட்டினால் 360 பவுன் ஆகிவிடுகிறது என்று கூட்டிப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். கூட்டிப் பார்க்காதவர்கள் திட்டினார்கள். 2023-ல் கம்பெனி இந்த யோசனையைக் கைவிட்டது. மெர்ஸிடிஸ் கம்பெனியோ 2022-ல் அமெரிக்காவில் மின்சாரக் காரைக் கொஞ்சம் வேகமாகச் சீற வைப்பதற்கு வருஷம் 1,200 டாலர் என்று அறிவித்தது. ஒரு விநாடி முன்னால் போவதற்கு! ஓசூரில் தயாராகும் ஏதர் ஸ்கூட்டரில் கூடச் சில வசதிகளைத் திறக்க 'புரோ பேக்' என்று தனி விலை வைத்தார்கள்.

கம்பெனிகளுக்கும் ஒரு வாதம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். சூடாகும் ஸீட், சூடாகாத ஸீட் என்று இரண்டு விதமாகச் செய்து அடுக்குவதை விட எல்லா வண்டியிலும் ஒரே விதமாக வைத்துவிடுவது மலிவு. வேண்டியவர் பணம் கட்டட்டும், வேண்டாதவருக்கு நஷ்டமில்லை. பிற்பாடு வேண்டுமென்று தோன்றினால் பட்டறைக்குப் போகாமலே கிடைக்கும் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் பாட்டிமார்களுக்கு இதற்குப் பதில் தெரியும். கிணற்றை விற்றவன் கதை ஒன்று சொல்லுவார்கள். மரியாதைராமன் கதை என்பார்கள் சிலர், பீர்பால் கதை என்பார்கள் சிலர். வாங்கினவன் தண்ணீர் இறைக்க வந்தபோது, "கிணற்றைத்தான் விற்றேன், தண்ணீரை விற்கவில்லை" என்றானாம் விற்றவன். நியாயாதிபதி யோசித்தார். "சரி, உன் தண்ணீரை இவன் கிணற்றில் எதற்கு வைத்திருக்கிறாய்? ஒன்று, இறைத்துக் கொண்டு போ, இல்லாவிட்டால் வைத்திருக்கிற வாடகையைக் கொடு" என்றாராம். பூட்டிய கம்பியும் பூட்டிய பாட்டரியும் என் வண்டியில் ஏறி, என் பெட்ரோலிலும் என் மின்சாரத்திலும் ஊர் சுற்றுகின்றன. சுமை கூலி யார் கொடுப்பது?

என் சின்ன மாமனாரைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பட்டணத்தில் புதுக் காரை வாங்கி ஐந்து வருஷம் ஓட்டிவிட்டுத் தள்ளி விடுகிறார்கள். மேல்பட்டாம்பாக்கம் மாதிரி ஊர்களில் அது இரண்டாம் கையாக, மூன்றாம் கையாக வந்து சேருகிறது. பழைய அம்பாஸடர் அப்படி வந்தபோது, எத்தனை கை மாறினாலும் அதன் ஹாரனும் விளக்கும் வண்டியோடு வந்தன. பழுதானால் சாலையோரத்துப் புளியமரத்தடி மெக்கானிக் திறந்து பார்த்துவிடுவார். அமெரிக்காவில் 2019-ல் ஒருவர் பழைய டெஸ்லா காரை வாங்கினார். முதல் சொந்தக்காரர் ஆயிரக் கணக்கான டாலர் கொடுத்து வாங்கியிருந்த தானோட்டும் வசதியை நம்பித்தான் வாங்கினார். கொஞ்ச நாளில் பார்த்தால் அந்த வசதியைக் கம்பெனி தூரத்திலிருந்தே எடுத்துவிட்டிருந்தது. பத்திரிகைகளில் சந்தி சிரித்த பிறகு திரும்பக் கொடுத்தார்கள். மேல்பட்டாம்பாக்கத்துக்காரருக்காக எந்தப் பத்திரிகை எழுதும்?

சின்ன மாமனார் இப்போது ஒரு பழைய காரை விலை பேசிக் கொண்டிருக்கிறார், பிள்ளைக்கு. டயரைப் பார்த்தார், எஞ்சின் சத்தத்தைக் கேட்டார், இன்ஷூரன்ஸைக் கேட்டார். எந்தெந்தப் பொத்தான் வண்டியைச் சேர்ந்தது, எது சந்தாவைச் சேர்ந்தது, பெயர் மாற்றினால் எது நிற்கும் என்று கேட்டபோது தரகர் விழித்தார். ஆர்.ஸி. புஸ்தகத்தைப் புரட்டினார்கள். எஞ்சின் நம்பர் இருக்கிறது, சேஸிஸ் நம்பர் இருக்கிறது, வண்டியின் நிறம் கூட இருக்கிறது. இதற்கு அதில் ஒரு கட்டம் கிடையாது.